கேள்விக்குறி வந்தால்தான் பயம்

எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின்ர நூற்பட்டியல் ஒரு பழைய மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் கிடந்தது. மிஞ்சியிருந்த ஒரேயொரு பேக்கப்பைப் புதுச் சேர்வரில் ஏற்றிப் பார்த்தோம். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோவொரு குறி. திரை முழுக்க இதுதான். எல்லாம் போச்சு எண்டு நினைச்சம்.

போகவில்லை. கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் உருவாக்கிய யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேணும். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. அதை லத்தீன் எழுத்தாக வாசித்தால் அந்தக் கோடு போட்ட ஏ வரும்.

ஏன் லத்தீனாக வாசிக்க வேணும்? மைஎஸ்கியூஎல் பிறந்தது ஸ்வீடனில். அதன் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீன்1, அகரவரிசைகூட ஸ்வீடிஷ்காரருடையது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இது மாறியது. அதுவரை எத்தனையோ தமிழ்த் தளங்கள் லத்தீன் பெட்டிக்குள் தமிழ் பைட்டுகளைப் போட்டு, அப்படியே திருப்பி எடுத்தன. பார்வைக்குச் சரியாக இருந்ததால் லேபிள் பிழை எண்டு ஒருத்தருக்கும் தெரியவில்லை. பேக்கப் எடுக்கும்போது மென்பொருள் அந்த லேபிளை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணி, இரண்டாம் தரம் யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

வந்த வழியே திரும்புவதுதான் வைத்தியம்: நிரலை லத்தீன்1 ஆக மாற்றி, வெறும் பைனரியாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 எண்டு வாசிக்கச் சொல்லவேணும். இதை மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே செய்யுங்கோ. மெய்யெழுத்துப் புள்ளியின் மூன்றாவது பைட்டுக்கு விண்டோஸ்-1252 அட்டவணையில் எழுத்தே இல்லை. வெளியில் வேறு கருவியால் திருத்தப் போனால் முதலில் அடிபடுவது புள்ளிதான். ஏ, ஐ இரண்டுக்கும் அதே கதி.

பாமினியில் அடித்த பழைய பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை! அங்கே 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எல்லாம் சாதாரண ஆங்கில விசைகள்.

அன்பளிப்புச் செய்தவர் பெயர் நிரலில் மட்டும் வெறும் கேள்விக்குறிகள். அதைப் பிறகு சேர்த்தவர் இணைப்பை யூடிஎஃப்-8 என்று சரியாகவே அறிவித்திருக்கிறார். தரவுத்தளம் தமிழை லத்தீனாக மாற்றப் பார்த்து, முடியாமல், எழுத்துக்கொரு கேள்விக்குறி போட்டுவிட்டது. பிழையாக அறிவித்த பதிவுகள் தப்பின, சரியாக அறிவித்தது அழிந்தது. கேள்விக்குறிக்குள் பழைய பைட் எதுவும் இல்லை. இப்ப நிலையத்தின் கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்கிறோம்.