மிஸ்வாக் மரம் எந்த நாட்டு மரம்?

பதிவு சற்று நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

ரமழான் வந்துவிட்டால் எமது பள்ளிவாசல்களின் வாசலிலும் கண்டி டவுன் கடைகளிலும் மிஸ்வாக் குச்சிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். உறையில் அரபு எழுத்து இருக்கும். அநேகமாகப் பாகிஸ்தான் முகவரி இருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து நாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்: இது அரபு நாட்டுப் பாலைவன மரம், எமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு ஸுன்னத் மட்டும்தான். வகுப்பில் கேட்டாலும் பிள்ளைகள் யோசிக்காமல் "வெளிநாட்டு மரம்" என்றுதான் சொல்கிறார்கள்.

உண்மை அப்படியல்ல. மன்னாரிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்த மரம் தானாக வளர்கிறது. யாரும் கொண்டுவந்து நட்டதல்ல, அது இலங்கையின் சுதேச மரம். சிங்களத்தில் மலித்தன் என்பார்கள். தமிழில் உகா, உவாய் என்ற பெயர்கள் உண்டு. குறுந்தொகையின் பாலைத்திணைப் பாடல்களில் 'உகாய்' என்று வருவது இந்த மரமே என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அரபியில் இதன் பெயர் அராக். மிஸ்வாக் என்பது பல் துலக்கும் குச்சியின் பெயர், மரத்தின் பெயரல்ல. விஞ்ஞானப் பெயர் சல்வடோரா பெர்சிகா.

பெர்சிகா என்றால் பாரசீகத்துக்குரியது. குழப்பம் இந்தப் பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. அது எப்படி வந்தது என்பது கேட்கத்தக்க கதை.

லோரன் கார்சின் என்றொரு வைத்தியர் இருந்தார். ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் 1720களில் வேலை பார்த்தவர். போகும் இடமெல்லாம் செடிகொடிகளைக் குறித்துக்கொள்வது அவருடைய பழக்கம். பாரசீக வளைகுடாக் கரையில் கண்ட இந்த மரத்தை எந்தச் சாதியிலும் சேர்க்க முடியாமல், புதிய சாதி ஒன்றை உருவாக்கி விவரித்தார். அந்தக் கட்டுரை 1749இல் இலண்டன் ரோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வந்தது. சல்வடோரா என்ற பெயர், பார்சிலோனாவில் மருந்துக்கடை வைத்திருந்த தாவர ஆர்வலர் ஜுவான் சல்வடோரின் நினைவாக வைத்தது. நான்கு வருடங்களின் பின், 1753இல், லின்னேயஸ் தனது பெரும் நூலில் அதற்கு பெர்சிகா என்ற இனப்பெயரைச் சேர்த்தார். ஆக, பெயரின் முதற்பாதி பார்சிலோனாக்காரர் ஒருவருக்குரியது. அவர் அந்த மரத்தின் கீழ் ஒருநாளாவது உட்கார்ந்தவரல்ல. பிற்பாதி, கப்பல் வைத்தியர் முதலில் அதைக் கண்ட கரை. அந்த மரம் வேறெங்கெல்லாம் நிற்கிறது என்பதற்கு அந்தப் பெயரில் பதிலே இல்லை. ஆபிரிக்காவிலிருந்து அரேபியா, இந்தியா வழியாக இலங்கை வரை அது பரந்து கிடக்கிறது.

இடையில் ஒரு விடயம். அந்தக் கார்சினின் பெயர் கண்டிச் சமையலறைகளில் தினமும் புழங்குகிறது. மீன் குழம்புக்குப் போடும் கொறக்காவும் மங்குஸ்தானும் கார்சினியா என்ற சாதியைச் சேர்ந்தவை. லின்னேயஸ் அவரைக் கௌரவித்து வைத்த பெயர் அது.

அடுத்து வந்தவர் லின்னேயஸின் மாணவர் பீற்றர் போஸ்கோல். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக்குழுவோடு யெமனுக்குப் போனவர். அராக் மரம் சாதாரணமாக வளரும் மண் அது. கையில் குச்சியோடு நிற்கும் மனிதர்களும் அங்கே இருந்தார்கள். இருந்தும் அவர் அதை சிஸ்ஸஸ் சாதியில் சேர்த்தார். எமது பிரண்டையின் சாதி அது, முந்திரிகைக் குடும்பம். சிறிய உருண்டைப் பழக்கொத்தைப் பார்த்து ஏமாந்திருக்கலாம் என்று நினைக்கிறோம். பாவம், 1763இல் யெமனிலேயே மலேரியாவால் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை நண்பர் நீபூர் 1775இல் வெளியிட்டார்.

இனி பேராதனைக்கு வருவோம். துவைற்ஸ் என்பவர் 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்தார். இலங்கைத் தாவரங்களைப் பட்டியலிட்டு அவர் வெளியிட்ட நூலில் (1858–1864) இந்தப் பக்கத்து மரம் தனி இனமாக வருகிறது. சல்வடோரா வைட்டியானா என்பது அங்கே அதன் பெயர். சென்னை மாகாணத்தில் தாவர ஆய்வு செய்த ரொபர்ட் வைட்டின் நினைவாக வந்த பெயர் அது. அந்தக் கணக்கில் அரேபியாவில் நிற்பது ஒரு மரம், இங்கே நிற்பது வேறு மரம். பேராதனையில் அவருக்குப் பின் வந்த ட்ரைமன், இலங்கைத் தாவரங்கள் பற்றிய தனது பெரிய கைநூலை 1893இல் வெளியிடத் தொடங்கினார். அவர் 1896இல் காலமாக, ஹூக்கர் அதை 1900இல் முடித்துவைத்தார். பிற்காலத்தில் கியூ பூங்காவின் தாவரவியலாளர் வேர்ட்கோர்ட் இந்த வைட்டியானாவைத் தனி இனம் என்ற இடத்திலிருந்து இறக்கி, பெர்சிகாவுக்குள் ஒரு பேதமாக வைத்தார். வேறுபாடுகள் சிறியவை, இனம் ஒன்றே என்பது அதன் பொருள். மக்காவைச் சுற்றியுள்ள ஓடைகளில் வளரும் அராக்கும் புத்தளத்து உவாயும் ஒரே இனம்.

இனத்தை முடிவுசெய்ய இவ்வளவு காலம் என்றால், குடும்பத்தின் உறவுமுறையைக் கண்டுபிடிக்க இன்னும் கூடுதலான காலம் போனது. 1836இல் லிண்ட்லி இதற்கென ஒரு தனிக் குடும்பம் அமைத்தார். மூன்றே மூன்று சாதிகள் உள்ள சின்னக் குடும்பம். உலர் வலயத்தில் வேலியோரம் முள்ளோடு நிற்கும் சங்கஞ்செடி இதில் ஒன்று. சரி, இந்தக் குடும்பத்துக்கு உறவு யார்? 19ஆம் நூற்றாண்டில் பெந்தமும் ஹூக்கரும் பூவைப் பார்த்தார்கள். அல்லிகள் அடியில் ஒட்டியிருக்கின்றன, ஆகவே ஒலிவ், மல்லிகை குடும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஆனால் சங்கஞ்செடியின் அல்லிகள் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள் இப்படி ஒரு வேறுபாடு. அதனால் பிறகு வந்தவர்கள் குடும்பத்தைத் தூக்கி வேறொரு வருணத்தில் வைத்தார்கள். அங்கும் சரியாகப் பொருந்தவில்லை.

இவ்வளவு காலமும் பதில் மென்றவர்களின் நாக்கில் இருந்தது. புதிய மிஸ்வாக்கை மெல்லும்போது ஓர் எரிவு ஏறுமே, அது கடுகின் எரிவு. ஆங்கிலத்திலும் இதற்குக் கடுகு மரம் என்றொரு பெயர் உண்டு. 1975இல் டால்கிரன் என்ற தாவரவியலாளர், கடுகு எண்ணெய்ச் சேர்வைகள் உள்ள குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்க வேண்டும் என்றார். பூவையும் காயையும் விட்டுவிட்டு எரிவை வைத்து உறவு சொல்வதா என்று பலர் ஏற்கவில்லை. 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டபோது அவர் சொன்னது பெரும்பாலும் சரியென்று தெரிந்தது. 1998இல் வந்த புதிய வகைப்பாட்டில் அராக் மரம் கடுகு வருணத்துக்குள் போனது. அங்கே அதன் சொந்தக்காரர்கள் யார்? கடுகு, கோவா, ராபு, முருங்கை, பப்பாசி.

பப்பாசியை நம்பக் கஷ்டமாக இருந்தால், பழத்தை வெட்டும்போது கறுப்பு விதைகளில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நாக்கில் ஏறும் காரம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருளால் வருவது. மிஸ்வாக் வேரிலும் அதே பொருள்தான். அது பல்லிலும் ஈறிலும் உள்ள சிலவகைப் பக்டீரியாக்களைக் கொல்கிறது என்பதை 2011இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 1986இல் வழக்கமுள்ள இடங்களில் மிஸ்வாக்கை ஊக்குவித்தது. இதைச் சொல்லும்போது ஒரு விடயத்தில் கவனம் தேவை. பற்சூத்தைக்கும் ஈறு நோய்க்கும் வைத்தியரிடம் போகாமல் குச்சியோடு இருந்துவிடச் சொல்வது மார்க்கமும் அல்ல, விஞ்ஞானமும் அல்ல.

அரபிகள் இந்த மரத்தை நுணுக்கமாக அறிந்திருந்தார்கள். அபூஹனீபா அத்தீனவரி (மறைவு 895) தனது கிதாபுந் நபாத் நூலில் அராக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னர், ஸஹீஹுல் புகாரியில் ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஒரு ஹதீஸில், ஸஹாபாக்கள் அராக் பழம் பறிக்கும்போது, கறுத்ததைப் பறியுங்கள், அதுதான் நல்லது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் ஆடு மேய்த்திருக்கிறீர்களா என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஆடு மேய்க்காத நபி இல்லை என்பது பதில். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். மேய்ப்பனுக்குத்தான் எது பழுத்தது என்று தெரியும் என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. ஸூரா ஸபஃ 16ஆம் வசனத்தில், அணை உடைந்து தோட்டங்கள் அழிந்த மண்ணில் முளைத்ததாகச் சொல்லப்படும் 'கம்த்' என்பது அராக் மரமே என்று இப்னு அப்பாஸ் (ரழி) உட்படப் பல விளக்கவுரையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். கெட்டுப்போன மண்ணிலும் இது வளரும் என்பதைத் தாவரவியலும் சொல்கிறது.

உப்பு மண்ணில் சாதாரணச் செடியொன்றை நட்டால் வேருக்கு வெளியே உப்புச் செறிவு கூடி, நீரை உறிஞ்ச முடியாமல் வாடும். உறிஞ்சிய உப்பும் கலத்தை நஞ்சாக்கும். உவாய் அந்த உப்பை உள்ளே எடுத்து, இலைக் கலங்களின் புன்வெற்றிடங்களில் பூட்டி வைக்கிறது. அதனால் இலை தடித்துச் சதைப்பற்றாக இருக்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்து மக்கள் இதைக் கார் ஜால், அதாவது உவர்ப்பு ஜால் என்கிறார்கள். பக்கத்திலேயே வளரும் இதன் சகோதர இனத்துக்கு மீட்டா ஜால், இனிப்பு ஜால் என்று பெயர். இரண்டு இனத்தையும் பிரித்தறிய அவர்களுக்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை. குஜராத்தில் பயிர் எழாத உவர் நிலங்களில் இதையே நட்டுப் பார்த்தார்கள். விதையில் 40 சதவீத அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. தேங்காயெண்ணெய் போல சவர்க்காரத்துக்கு உதவும்.

குண்டசாலையில் இது ஏன் இல்லை என்று இப்போது விளங்கும். மகாவலியின் ஈரத்திலும் கண்டி மழையிலும் பிழைக்கும் செடிகள் வேறு. உவாய்க்கு வெயிலும் உவர்ப்பும் வேண்டும். ஆனால் எமது மூத்தவர்கள் இந்த மரத்தைக் காணாதவர்கள் என்று எண்ண வேண்டாம். கண்டி இராச்சியத்துக்குச் சொந்த உப்பு இல்லை. புத்தளத்திலிருந்தும் அம்பாந்தோட்டை லேவாயிலிருந்தும்தான் வர வேண்டும். பாக்கும் மிளகும் ஏற்றிக் கீழே போய், உப்பும் கருவாடும் ஏற்றித் திரும்பிய தவளம் மாடுகளை நடத்தியவர்களில் பெரும்பங்கு முஸ்லிம்கள். அரசரின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் ஊழியம் செய்தவர்கள் அவர்கள். குருநாகல் பக்கம் மடிகே மிதியால என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. உப்பு விளையும் கரைகளைச் சுற்றி நிற்கும் மரம் இது. மாட்டை அவிழ்த்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கியவர்கள், ஸுபஹுக்கு முன் ஒரு குச்சி ஒடித்திருக்க மாட்டார்களா? எழுத்தில் ஆதாரம் கேட்காதீர்கள், இது எமது ஊகம்.

'நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்' என்ற கேள்வி எமது பகுதியில், அதுவும் 2018 மார்ச்சில் திகனையில் நடந்தவற்றின் பின், சும்மா கேட்கும் கேள்வியல்ல. அதனால் இதைப் படித்துவிட்டு, பாருங்கள் மிஸ்வாக்கே சுதேசம் என்று வாதத்துக்குத் தூக்கிக்கொண்டு போக நம்மில் சிலருக்குத் தோன்றலாம். அது வேண்டாம். மரம் பறவையின் வயிற்றில் வந்திருக்கும், கடலைச் சுற்றி வந்திருக்கும். மனிதரின் உரிமைக்கு அது சாட்சி சொல்லாது, சொல்லவும் தேவையில்லை. ஆனால் எமது பிள்ளைகள் வாயில் வைக்கும் ஒன்றை வெளிநாட்டுப் பொருள் என்றே நம்பி வளர்வது வேறு விடயம். பெயரில் பாரசீகம் இருப்பதால் அது இங்கே விருந்தாளி என்று நினைப்பதும் அதே தவறுதான்.

உண்மையான விருந்தாளி ஒன்று இருக்கிறது. 1950களில் அம்பாந்தோட்டையின் உவர் மண்ணைச் சீராக்கவென்று சீமைக் கருவேலம் கொண்டுவரப்பட்டது. அமெரிக்கக் கண்டத்து முள்மரம். அது கைமீறிப் போய், இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமான பூந்தல தேசியப் பூங்காவுக்குள் அடர்ந்து பரவி, உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உவர் மண்ணில் வளரத் தெரிந்த மலித்தன் அதே மண்ணில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பக்கம் பாடசாலைச் சுற்றுலா போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வழிகாட்டியிடம் 'மலித்தன்' என்று கேட்டால் போதும். கொப்புகள் தொங்கிப் படர்ந்திருக்கும். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக இருக்கும். பூ பச்சை கலந்த மஞ்சளில் மிகச் சிறியது, நான்கு கேசரங்கள். பழம் மிளகளவு, பழுக்கப் பழுக்க நிறம் இருளும். கீழே விழுந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் கடுகு வாடை வரும். பூங்காவுக்குள் கொப்பு ஒடிப்பது சட்டப்படி குற்றம். குச்சி வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.