மடங்களை மூடிய மன்னர்கள்: புதுவை கண்ட வரலாறு

புதுவை மிஷன் வீதியிலுள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை நம் மக்கள் ‘சம்பா கோயில்’ என்றே வழங்குகின்றனர். சேசு சபைத் துறவியர் இங்கு எழுப்பிய தூய பவுல் ஆலயத்தின் போர்த்துக்கீசியப் பெயரே நாவில் திரிந்து ‘சம்பா’ ஆயிற்று. பெயர் நிலைத்தது, அதை இட்டுச் சென்ற சபையோ ஒரு காலத்தில் பிரெஞ்சு மன்னரின் ஆணையாலேயே கலைக்கப்பட்டது. கத்தோலிக்க சமயத்தைக் காப்பதாக முடிசூடிய ஓர் அரசர், அச்சமயத்தின் துறவற சபையை ஏன் ஒழிக்க வேண்டும்?

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சயாம் நாட்டிலிருந்து வெளியேறிய பிரெஞ்சு சேசு சபையார் புதுவையை வந்தடைந்தனர். அவர்களது கர்நாடக மிஷனுக்கு இந்நகரே தலைமையிடமாயிற்று. ஆட்சியாளரிடம் அவர்களுக்கிருந்த செல்வாக்கு பெரிது. 1748இல், தூப்ளேயின் காலத்தில், அவர்களது ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அவர்களின் நெடுநாள் விருப்பம் அவ்வாறு நிறைவேறியதையும், ஊர் மக்கள் அடைந்த துயரையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அத்தகைய செல்வாக்குடையோர் பதினாறே ஆண்டுகளில் அரசரின் பாதுகாப்பை இழந்தனர்.

அதன் தொடக்கம் புதுவையிலன்று. அமெரிக்கப் பக்கத்து மார்த்தினிக் தீவிலாகும். அங்கு சேசு சபையின் தலைவராயிருந்த லவலேத் என்பவர் மிஷனின் கடனைத் தீர்க்கும் பொருட்டுத் தோட்டங்களிலும் வணிகத்திலும் இறங்கினார். 1755இல் பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அவர் அனுப்பிய சரக்குகளும் பறிபோயின. அவருக்குக் கடன் கொடுத்திருந்த மார்சேய் நகர வணிக நிறுவனம் 1756இல் நொடித்தது. அக்கடனுக்குப் பிரான்சின் சேசு சபை முழுவதுமே பொறுப்பு என வழக்கு எழுந்தது. சபையார் பாரிஸ் பார்லமாவில், அதாவது அந்நாளைய உயர்நீதி மன்றத்தில், மேல்முறையீடு செய்தனர். அங்கு அவர்களுக்குப் பகைவர் மிகுதி. 1761 மே மாதத்தில் சுமார் 15 இலட்சம் லிவ்ர் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அத்துடன் நில்லாது நீதிபதிகள் சபையின் விதிநூலையே வரவழைத்து ஆராய்ந்தனர். உரோமையிலுள்ள தலைவருக்கு முழுக் கீழ்ப்படிதலை உறுதியளிப்போர் பிரெஞ்சு மன்னருக்கு எவ்வாறு முழுக் குடிகளாவர் என்பதே அவர்கள் எழுப்பிய வினா. 1762 ஆகஸ்டில் தம் ஆள்வரம்பில் அச்சபையைத் தடை செய்தனர்.

பதினைந்தாம் லூயி மன்னர் இதனை விரும்பவில்லை. காலம் தாழ்த்தினார், சமரசம் தேடினார். ஆயின் ஏழாண்டுப் போர் அவரது கருவூலத்தை வற்றச் செய்திருந்தது. புதுவையைத் தரைமட்டமாக்கியதும் அதே போர்தான். 1761 சனவரியில் நகர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் மாளிகைகளும் அவர்களது ஆலயமும் தகர்க்கப்பட்டன. புதிய வரி ஆணைகளைப் பதிவு செய்ய மன்னருக்குப் பார்லமாவின் இசைவு இன்றியமையாததாயிற்று. நீதிபதிகளைப் பகைப்பதினும் துறவியரைக் கைவிடுதல் எளிது. 1764 நவம்பரில் நாடு முழுவதும் சபையைக் கலைக்கும் அரசாணை பிறந்தது.

1773இல் போப்பாண்டவர் பதினான்காம் கிளமெண்டே உலகெங்கும் சேசு சபையைக் கலைத்தார். 1776இல் பதினாறாம் லூயியின் ஏற்பாட்டின்படி கர்நாடக மிஷன் பாரிஸ் வேதபோதக சபையிடம் ஒப்படைக்கப்பட்டு, ஆயர் பிரிகோ பொறுப்பேற்றார். முன்னாள் சேசு சபைக் குருக்கள் தனி மனிதராய் இங்கேயே பணி தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவர் கேர்தூ. வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை, வில்லியம் ஜோன்ஸ் அதனை அறிவிப்பதற்கு முன்னரே, பிரெஞ்சு அறிஞர் கழகத்திற்கு எழுதியவர் அவர். அம்முதியவர் 1779இல் புதுவையிலேயே மறைந்தார்.

பிற நாடுகளின் வரலாறும் இதனை ஒத்ததே. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, தாமே திருச்சபையின் தலைவர் என அறிவித்தபின், 1536இல் ஆண்டுக்கு 200 பவுனுக்குக் குறைந்த வருவாயுடைய மடங்களை மூடினார். 1540க்குள் ஏறத்தாழ 800 மடங்களும் மறைந்தன. நிலங்கள் அரசுக்கும் பின்னர் செல்வர்க்கும் சென்றன. ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் 1782இல் கல்வியோ மருத்துவமோ பேணாத மடங்களைப் பயனற்றவை எனக் கலைத்து, அச்சொத்தைப் பங்குக் கோயில்களுக்கென நிதியமாக்கினார். அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்து இறந்தவர். போர்த்துக்கலில் 1834இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, தோற்ற தரப்பை ஆதரித்த துறவற சபைகள் ஒழிக்கப்பட்டன. அவ்வாணை மறு ஆண்டே கோவாவை எட்டியது. பழைய கோவாவில் இன்று தனித்து நிற்கும் புனித அகுஸ்தினார் கோபுரம் அவ்வாறு கைவிடப்பட்ட மடத்தின் எச்சம்.

இவற்றை ஒருங்கே நோக்கின், மடங்களை மூடிய மன்னர் அனைவரும் நம்பிக்கை இழந்தவரல்லர் என்பது புலனாகும். திரண்ட சொத்து, நாட்டு எல்லைக்கு அப்பாலுள்ள தலைமை, அரசியலில் சார்பு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ துறவு நிலையத்தில் காணப்பட்டன, கருவூலமும் வறண்டது. அப்போது ஆணை எழுதுவது அரசர்க்கு எளிதாயிற்று. ஆணையிட்டோரின் பேராசையை இது நியாயப்படுத்தாது. மார்த்தினிக்கில் ஒருவர் செய்த வணிகத்திற்கு, அதனை அறியாத கேர்தூ போன்றோர் புதுவையில் விலை கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது.

உடைமையின்மையை நோன்பாகப் போற்றும் மரபினர்க்கு இவ்வரலாறு அயலாருடையது மட்டுமன்று. துறவியர் பெயரால் சேரும் நிலமும் நிதியும் இல்லறத்தாராகிய நம்மிடமே பொறுப்பாக விடப்பட்டுள்ளன. அவற்றின் கணக்கு எவர் கேட்பினும் காட்டத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அரசரின் தயவு ஓர் ஆலயத்தை எழுப்பித் தரலாம். அதே தயவு திரும்பும் நாளும் வரலாம். 1791இல் பணி நிறைவுற்ற இன்றைய சம்பா கோயிலைக் கடந்து செல்வோர், அப்பெயர் நினைவூட்டும் இச்செய்தியையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.