முதுமையின் இசையும் மதிப்புரையாளர் துலாக்கோலும்

கலைஞர் ஒருவர் இளமையில் படைத்ததை மதிப்பிடுவது எளிது. முதுமையில் படைத்ததை மதிப்பிடுவது அரிது. இளமையில் அவர் யார் என்று உலகம் அறியாது. ஆதலின் படைப்பை மட்டுமே பார்க்கிறது. முதுமையிலோ படைப்புக்கு முன்னே புகழ் வந்து நிற்கிறது. புகழுக்கும் முன்னே வயது வந்து நிற்கிறது. அவ்விரண்டையும் சற்றே விலக்கிவிட்டுப் படைப்பைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி வரலாறு பயிலும் மாணவர்க்கு இன்றியமையாதது. அதனை விளக்கும் பொருட்டு, இங்கிலாந்தில் தோன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்ற ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் ராக் இசைக்குழுவின் கதையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1961ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், லண்டனுக்கு அருகில் உள்ள டார்ட்ஃபோர்டு நகரின் புகைவண்டி நிலையத்தில் இளைஞர் இருவர் சந்தித்தனர். ஒருவர் மிக் ஜாகர். மற்றவர் கீத் ரிச்சர்ட்ஸ். தொடக்கப்பள்ளியில் ஒன்றாகப் பயின்று பின்னர்ப் பிரிந்தவர்கள் அவர்கள். ஜாகர் கையில் சில இசைத்தட்டுகள் இருந்தன. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களாகிய சக் பெர்ரியும் மடி வாட்டர்ஸும் பாடியவை அவை. அந்த இசைத்தட்டுகளே அறுந்த நட்பை மீண்டும் இணைத்தன. 1962 ஜூலை 12ஆம் நாள் லண்டன் மார்க்கீ மன்றத்தில் அவர்களது குழு முதன்முதலாக மேடை ஏறியது. மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த ‘ரோலின் ஸ்டோன்’ என்னும் பாட்டிலிருந்தே குழுவின் பெயரையும் எடுத்துக்கொண்டனர்.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டத்தில் வளர்ந்தவர். 1943இல் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தவர். அவர் பாடிய ‘ப்ளூஸ்’ அமெரிக்கக் கறுப்பின மக்களின் உழைப்பிலும் துயரத்திலும் பிறந்த இசை மரபு. அந்த மரபில் முதுமை குறையன்று. குரல் தழுதழுத்தால் அதுவும் ஒரு சுவை. வாழ்க்கையில் அடிபட்டவன் பாடினால் அதுவே சிறப்பு. அதன் வழித்தோன்றலாகிய ராக் இசையோ 1950களில் இளைஞரின் இசையாகவே பிறந்தது. பாடியவரும் இளைஞர், இசைத்தட்டை வாங்கியவரும் இளைஞர். ஆகவே இளமையே அதன் அளவுகோல் ஆயிற்று. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். இங்கே குருத்தாக இருந்தவர்களே பழுத்த ஓலை ஆனபோது, அவர்களை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்வி எழுந்தது.

1978இல் வெளிவந்த ‘சம் கேர்ள்ஸ்’, 1981இல் வெளிவந்த ‘டாட்டூ யூ’ ஆகிய இரு தொகுப்புகளும் அக்குழுவின் உச்சங்களாகக் கொள்ளப்பட்டன. அதன்பின் வந்த தொகுப்புகளை எல்லாம் மதிப்புரையாளர் அவ்விரண்டின் பக்கத்தில் வைத்தே பார்த்தனர். 2005இல் ‘எ பிக்கர் பாங்’ வந்தபோது, அந்த நாள்களுக்குப் பின் வந்தவற்றுள் இதுவே சிறந்தது என்று பலர் எழுதினர். பின்னர்ப் பதினெட்டு ஆண்டுகள் அக்குழு தன் சொந்தப் பாடல்களால் ஆன புதிய தொகுப்பு எதனையும் வெளியிடவில்லை. இடையில் 2016இல் வந்த ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ முழுவதும் பிறர் பாடிய பழைய ப்ளூஸ் பாடல்களைக் கொண்டது. மூன்றே நாள்களில் பதிவானது. அதற்குக் கிடைத்த வரவேற்பு கருதத்தக்கது. ராக் இசையில் வயதைக் குறையாகக் கண்ட உலகம், ப்ளூஸ் பாடியபோது அதே வயதைத் தகுதியாகக் கண்டது.

2021 ஆகஸ்ட் 24ஆம் நாள், 1963 முதல் குழுவின் தாளத்தைத் தாங்கி நின்ற சார்லி வாட்ஸ் தமது எண்பதாம் வயதில் காலமானார். இனி இக்குழு இராது என்று எண்ணியவர் பலர். ஆனால் 2023 அக்டோபர் 20ஆம் நாள் ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ என்னும் புதிய தொகுப்பு வெளிவந்தது. ஹாக்னி என்பது கிழக்கு லண்டனின் ஒரு பகுதி. திருடர் உடைத்த சன்னலிலிருந்து தெருவில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைக் குறிக்கும் பேச்சு வழக்கே அத்தலைப்பு. அப்போது ஜாகருக்கு வயது 80; ரிச்சர்ட்ஸுக்கு 79; ரான்னி வுட்டுக்கு 76. ஒலிப்பதிவை நெறிப்படுத்திய ஆண்ட்ரூ வாட் 1990இல் பிறந்தவர். பன்னிரண்டு பாடல்களுள் இரண்டில், மறைந்த வாட்ஸ் முன்னரே பதிவு செய்திருந்த தாளம் ஒலிக்கிறது. ஏனையவற்றுள் பெரும்பாலானவற்றில் ஸ்டீவ் ஜோர்டன் தாளம் வாசித்தார். பால் மக்கார்ட்னி, எல்ட்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், லேடி காகா ஆகியோரும் உடன் கலந்துகொண்டனர்.

தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மதிப்புரைகளை மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதல் வகையார், இந்த வயதிலும் இத்தகைய வேகமா என்று வியந்தனர். இரண்டாம் வகையார், 1978க்கோ 1981க்கோ பின் வந்தவற்றுள் இதுவே சிறந்தது என்று மீண்டும் எழுதினர். மூன்றாம் வகையார் குறை கண்டனர்: ஒலிப்பதிவின் மெருகு மிகுதி, பழைய கரடுமுரடு தேய்ந்துவிட்டது, பாட்டின் சொற்கள் பழகிப்போனவை என்றனர். லேடி காகாவும் ஸ்டீவி வொண்டரும் கலந்துகொண்ட ஏழு நிமிடத்திற்கும் மேற்பட்ட நெடும்பாட்டைப் பாராட்டியவர் பலர். 2025 பிப்ரவரியில் சிறந்த ராக் தொகுப்புக்குரிய கிராமி விருதும் கிடைத்தது.

இத்தீர்ப்புகளை நாம் எவ்வாறு கொள்வது? வியப்பு மதிப்பீடு ஆகாது. எண்பது வயதினர் மலை ஏறினால் வியக்கலாம். ஆயினும் மலையின் உயரத்தை அந்த வியப்பு சொல்வதில்லை. பழையதோடு ஒப்பிடுவதேனும் உறுதியான அளவுகோலா என்றால், அதுவும் ஆராயத்தக்கதே. இளமை உச்சம் என்று போற்றப்படும் 1981ஆம் ஆண்டுத் தொகுப்பின் பாடல்களுள் பெரும்பாலானவை அதற்கு முந்திய ஆண்டுகளில் தொடங்கப்பட்டு எஞ்சிக் கிடந்தவை. அவற்றை எடுத்துச் செப்பனிட்டே அத்தொகுப்பை ஆக்கினர். 1972இல் வந்த ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ இன்று ராக் இசையின் தலைசிறந்த தொகுப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆனால் வெளிவந்த காலத்தில் அதனைத் தயக்கத்தோடு வரவேற்றவரும், நீளம் மிகுதி, தெளிவு குறைவு என்று குறைகூறியவரும் இருந்தனர். அன்று குறையாகத் தோன்றிய அந்தக் கரடுமுரடே பின்னர் அதன் அழகாகப் போற்றப்பட்டது. 2023இல் மெருகு மிகுதி என்று வருந்தியவர்கள் தேடியதும் அதனையே. மதிப்புரை தீர்ப்பன்று, தன் காலத்தின் சாட்சியம் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் இத்தொகுப்பை அளப்பதற்கு உரிய கோல் எது? அதன் இறுதிப் பாட்டிலேயே அக்கோல் இருக்கிறது என்பது என் துணிபு. அது மடி வாட்டர்ஸ் பாடிய அதே பழைய பாட்டு. குழுவுக்குப் பெயர் தந்த பாட்டு. விருந்தினர் எவரும் அதில் இல்லை. ரிச்சர்ட்ஸ் கிதார் மீட்டுகிறார். ஜாகர் பாடி ஹார்மோனிகா ஊதுகிறார். அவ்வளவே. மடி வாட்டர்ஸ் 1983இல் தம் எழுபதாம் வயதில் மறைந்தவர். அவரைப் பின்பற்றத் தொடங்கிய இளைஞர்கள், அவர் எட்டாத வயதை எட்டியபின் அவர் பாட்டைப் பாடினர். இங்கே மெருகும் இல்லை. இளமையைப் போல நடிக்கும் முயற்சியும் இல்லை. அவர்கள் தொடங்கிய மரபின் கோலால் அளக்கும்போது, முதுமை மன்னிக்கப்பட வேண்டிய குறையாக நிற்கவில்லை. பாட்டின் பொருளாகவே ஆகிவிடுகிறது. அதே கோலால் ஏனைய பாடல்களை அளந்தால், சில நிற்கும், சில நில்லா. அதுவே நேர்மையான மதிப்பீடு.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை முதியோர் பலருடைய படைப்புகளை மதிப்பிட நேரும். மரியாதையால் புகழ்வதும், பழையதை நினைத்து இகழ்வதும் உழைப்பு இல்லாத இரு வழிகள். படைப்பவர் எந்த மரபில் வந்தார், அம்மரபு எதனைச் சிறப்பு என்று கொண்டது, அதனை இப்படைப்பு எய்தியதா என்று கேளுங்கள். முன்னோர் தந்த தீர்ப்பைப் படிக்கும்போதும் அதனை எழுதிய ஆண்டு எது என்று பாருங்கள். வயது முதிர்ந்த கலைஞர் நம்மிடம் இரக்கத்தை வேண்டுவதில்லை. தாம் படைத்ததைச் செவி கொடுத்துக் கேட்பதையே வேண்டுகிறார்.