மண்ணீரலுக்கு உரியவர் யார்?

ஆம்பூரில் வேலூர்ப் பேருந்து நிற்கும்போது ஏறுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். தோல் ஆலைத் தொழிலாளர்களுக்கு நடுவே, மருத்துவ அறிக்கைகள் திணித்த மஞ்சள் பையை மடியில் வைத்தபடி ஒருவராவது அமர்ந்திருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு அமர்ந்தவர்களுள் நாமும் ஒருவர். இடது விலாவின் கீழ் ஓயாத கனம்; இரண்டு இட்லி உண்டாலே வயிறு நிறைந்துவிடும். ஸ்கேன் எடுத்ததில் மண்ணீரலில் நீர்க்கட்டி என்று எழுதித் தந்தனர். முதலில் பார்த்த மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், நம்மைப் பார்க்கவில்லை. மண்ணீரலை எடுத்துவிட வேண்டும், அடுத்த வாரம் வந்து சேருங்கள் என்றார். "சரிங்க ஐயா" என்று கைகூப்பி வெளியே வந்தோம். ஏன் என்று கேட்க நா எழவில்லை.

நா எழாமற்போனது நம் ஒருவருடைய கோழைத்தனம் மட்டுமன்று என்பதை, பின்னர் மண்ணீரலின் வரலாற்றைப் புரட்டியபோது உணர்ந்தோம். 1840களில், வட இந்தியக் கால்வாய்க் கரை ஊர்களில் மலேரியாவின் அளவை அறிய விரும்பிய டெம்ப்ஸ்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஊராரின் விலாவின் கீழ் கைவைத்து, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு என்று கணக்கெடுத்தார். நல்ல முறைதான், பின்னர் உலகமே அதைக் கைக்கொண்டது. ஆனால் அங்கே பேசியது மண்ணீரல். அதற்கு உரியவர் பேசவில்லை.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. ஆக்ராவில் ஃபுல்லர் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு ஆலயத்துக்குப் புறப்பட்டார். (ஆம், ஆலயத்துக்குத்தான்.) குதிரைக்காரர் கத்வாரு வாசலில் ஆயத்தமாக இல்லை. அடித்து, தலைமயிரைப் பற்றி இழுத்தார். கீழே விழுந்த கத்வாரு எழுந்து, பக்கத்து வளாகம் வரை போய், அங்கே உயிர் நீத்தார். நோயால் வீங்கியிருந்த மண்ணீரல் வெடித்ததே சாவுக்குக் காரணம் என்றது மருத்துவச் சான்று. ஃபுல்லருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபாய். 1876இல் அரசப்பிரதிநிதி லிட்டன் இதைக் கண்டித்து எழுத, ஆங்கிலேயரின் ஏடுகள் அவர்மீதே பாய்ந்தன. இந்தியர் அடிபட்டு இறந்த வேறு பல வழக்குகளிலும் செத்தவனின் மண்ணீரலே அடித்தவனுக்குச் சாட்சியாக நின்றது.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் இவ்வுறுப்பை அத்தனை பொருட்படுத்தவில்லை. எடுத்துவிட்டாலும் மனிதன் வாழ்கிறான் அல்லவா என்றிருந்தனர். நம் வேலூர் மறைமாவட்டம் தோன்றிய அதே 1952இல், மண்ணீரல் அகற்றப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிலர் கடுமையான நோய்த்தொற்றுக்கு ஆளானதை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கிங், ஷூமேக்கர் இருவரும் எடுத்துக்காட்டினர். இரத்தத்தில் புகும் கிருமிகளை வடித்தெடுக்கும் காவலன் அது என்பது மெல்ல மெல்ல விளங்கிற்று. இன்று, இயன்றவரை மண்ணீரலைக் காப்பதும், கட்டியை மட்டுமோ ஒரு பகுதியை மட்டுமோ நீக்க முடியுமா என்று பார்ப்பதும் வழக்கம். முழுதும் எடுத்தே தீரவேண்டுமெனில், நிமோனியா, மூளைக்காய்ச்சல் முதலியவற்றை உண்டாக்கும் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை, கூடுமானால் 2 வாரங்களுக்கு முன்பே போடுகிறார்கள். எடுத்த பின்னர், காய்ச்சல் என்றால் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். இவற்றில் ஒன்றையும் அந்த முதல் மருத்துவர் நமக்குச் சொல்லவில்லை.

அவர் கேட்காததும் ஒன்றுண்டு. நீர்க்கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. சில பிறவியிலேயே அமைந்தவை. சில, என்றோ பட்ட அடியில் உள்ளே கசிந்த இரத்தம் காலப்போக்கில் நீராகி நிற்பவை. சில, நாய்களின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டைகளால் வருபவை. அறுத்த ஆட்டின் கழிவை நாய் தின்பதும், நாயின் கழிவு பட்ட உணவு மனிதன் வாய்க்குள் போவதும் அப்புழுவின் வழி. இவ்வகைக் கட்டியை முன்னெச்சரிக்கையின்றி ஊசியால் குத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே எந்த வகை என்று அறிய ஸ்கேன் மட்டும் போதாது. விழுந்த கதையும் வளர்த்த நாயின் கதையும் வேண்டும். அக்கதைகளை அறிந்தவர் நோயாளி ஒருவரே.

சட்டமும் தாமதமாகவேனும் இதை ஒப்புக்கொண்டது. கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சோதனைக்கென மயக்கத்தில் கிடத்தப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, தாயாரிடம் மட்டும் ஒப்புதல் பெற்று அகற்றிய வழக்கில், அது ஒப்புதலே ஆகாது என்று 2008இல் அதே நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கே விளக்கவேண்டும் என்றும் வரையறுத்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. நம் பகுதியில் இதைக் கேட்டுப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலும்.

இரண்டாம் முறை வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, வீட்டில் நம் துணைவியார் கேள்விகளை ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். எந்த வகைக் கட்டி? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? மண்ணீரலைக் காக்க வழியுண்டா? கை நடுங்கத்தான் நீட்டினோம். அந்த அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு, எப்போதாவது விழுந்ததுண்டா என்று கேட்டார். தோல் ஆலையில் கணக்கெழுதிய நாளில், சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் வழுக்கி விலா அடிபட்டுக் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 12 ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. புழுவுக்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கட்டி 4 சென்டிமீட்டர். இப்போது கத்தி வேண்டாம், 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்போம், வளர்ந்தாலோ வலி மிகுந்தாலோ, கீழே விழுந்து இடப்பக்கம் அடிபட்டாலோ உடனே வாருங்கள் என்றார்.

கனம் இன்னும் இருக்கிறது. இட்லி இரண்டோடு நிற்கிறது. அந்தத் தாளும் மஞ்சள் பையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் அடியில் ஒரு கேள்வி கூடுகிறது.