எந்திரக் குரலிலிருந்து எந்திரக் குரல் வரை

1980இல் வெளிவந்த 'பெர்சர்க்' என்னும் ஆர்கேட் விளையாட்டில் ரோபோக்கள் பேசின. ஏறத்தாழ 30 ஆங்கிலச் சொற்களே சில்லில் பதிந்திருந்தன. அவற்றை மாற்றி மாற்றிக் கோத்துத் தொடர்கள் ஆக்கப்பட்டன. சொற்கள் தனித்தனியே ஒலித்தமையால் தொடருக்குரிய ஏற்ற இறக்கம் அமையவில்லை. பேசுபவை எந்திரங்கள் என்பதால் அக்குறை பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மனிதப் பாத்திரங்கள் அவ்வாறு பேசியிருப்பின் ஆட்டக்காரர்கள் நகைத்திருப்பர்.

16 ஆண்டுகளுக்குப் பின் நகைக்கவும் செய்தனர். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' ஒரு திகில் ஆட்டம். ஜப்பானியப் பதிப்பிலும் உரையாடல் ஆங்கிலத்திலேயே ஒலித்தது. திரையின் அடியில் ஜப்பானிய எழுத்துகள் தோன்றின. வசனநடையே செயற்கையானது. அதன்மேல், அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. உயிரச்சத்தில் நிற்பவர் கடையில் விலை கேட்பவரைப் போலப் பேசினார். 2002இல் வந்த மறுஆக்கத்தில் வசனங்கள் திருத்தப்பட்டு, வேறு கலைஞர்களின் குரல்கள் பதிவாயின. மொழியியல் வகுப்பில் தொனியைக் கற்பிக்க இவ்விரு பதிவுகளை அருகருகே ஒலிக்கவிட்டாலே போதும் என்பேன்.

1998இல் 'மெட்டல் கியர் சாலிட்' வந்தது. அன்றைய பிளேஸ்டேஷன் கருவியில் முகபாவங்களைக் காட்ட இயலவில்லை. பேசும் பாத்திரம் தலையை மட்டும் அசைக்கும். ஆகவே கதையின் கனம் முழுவதையும் குரலே சுமந்தது. ஆயினும் ஆங்கிலப் பதிப்பில் குரல் தந்தோருள் பலரின் பெயர்கள் புனைபெயர்களாகவே இடம்பெற்றன. களப்பணியில் ஓர் ஒலிப்பதிவைத் தொடங்குமுன் நாம் முதலில் குறித்துக்கொள்வது பேசுபவரின் பெயரை அல்லவா?

இப்பெயரின்மைக்குப் பின்னால் ஓர் உழைப்பு வரலாறு உண்டு. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2016 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ 11 மாதங்கள் நீடித்தது. மணிக்கணக்கில் அலறியும் முனகியும் பதிவு செய்வதால் தொண்டைக்கு நேரும் கேடு, எந்த ஆட்டத்திற்குக் குரல் தருகிறோம் என்பதே மறைக்கப்படுதல், நன்கு விற்கும் ஆட்டங்களுக்குக் கூடுதல் ஊதியம் ஆகியன பூசலின் மையம்.

2024 ஜூலையில் மீண்டும் வேலைநிறுத்தம். இம்முறை அச்சம் வேறு: ஒருவரின் குரலைக் கற்றுக்கொண்டு, அவரின்றியே பேசும் செயற்கை நுண்ணறிவு. 2025 ஜூலையில் உறுப்பினர்கள் ஏற்ற ஒப்பந்தம், டிஜிட்டல் நகலுக்குக் கலைஞரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும்.