விட்டவையும் பிழைத்தவையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் இரு மொழிச் சொற்களும் ஒருசேரக் காதில் விழும். அணையில் விடுவதற்கென வளர்க்கும் மீன்குஞ்சை மலையாளம் ‘மத்ஸ்யவித்து’ என்கிறது. தமிழக மீன்வளத்துறை ‘மீன்குஞ்சு’ என்கிறது. வித்து என்றால் முளைத்துவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. குஞ்சு என்றால் பருந்தும் உடன் நினைவுக்கு வருகிறது. நீர்த்தேக்க மீன்வள வரலாற்றைப் படிக்கும்போது, தமிழ்ச் சொல்லே உண்மைக்கு அருகில் நிற்பதாக எனக்குப் படுகிறது.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அங்கே பிடிபடும் கட்லா, காவிரியின் பூர்வீக மீன் அன்று, கோதாவரியிலிருந்து கொணரப்பட்டது. அக்காலத்தில் குஞ்சுகளை வெள்ளப் பருவத்து ஆறுகளில்தான் அரித்தெடுக்க வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தபின் நிலைமை மாறியது. பொரிப்பகங்கள் பெருகின, விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கை இலட்சங்களில் எழுதப்படலாயிற்று.

சிக்கல் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. நுண்மீன் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. வாளையும் விராலும் திரியும் அணைக்குள் அதை விடுவது அவற்றுக்கு உணவிடுவதே ஆகும். ஆகவேதான் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நீர்த்தேக்கங்களில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத விரலிகளை விட வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆனால் விரலியாகும்வரை வளர்க்க நாற்றங்கால் குளமும் தீவனமும் மாதக்கணக்கில் காலமும் வேண்டும். அதே செலவில் நுண்குஞ்சுகளைப் பன்மடங்கு விடலாம். ஆண்டறிக்கையும் அழகாக இருக்கும். ‘இருப்புச் செய்யப்பட்டது’ என்று அலுவலகத் தமிழ் எழுதுகிறது. இருந்ததா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை காண, விடும் மீனில் அடையாளம் இட வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 1965 முதல் துடுப்பு நறுக்கிய ஏரி டிரவுட் மீன்களை விட்டனர். வலையில் விழுந்த மீன் பொரிப்பகத்ததா, ஏரியிலேயே பிறந்ததா என்பதைத் துடுப்பே காட்டிக்கொடுத்தது. விடப்பட்டவை வளர்ந்து பருவமடைந்தன. ஆயினும் பல பத்தாண்டுகள் ஏரியில் பிறந்த குஞ்சுகள் அரிதாகவே தென்பட்டன. பிழைத்தல் ஒன்று, பெருகுதல் மற்றொன்று.

இவ்வேறுபாட்டை இலங்கை வேறு வகையில் கண்டது. 1952இல் அங்கு வந்த திலாப்பியா, பழைய ஏரிகளிலேயே இனம் பெருக்கியது. பெருங்கெண்டைகளோ தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. ஆண்டுதோறும் விட வேண்டும். 1990இல் அரசு உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவை விலக்கிக்கொண்டபோது குஞ்சு விடுதல் நின்றது. அதன்பின் வலைகளில் தொடர்ந்து விழுந்தது பெரும்பாலும் திலாப்பியாவே.