பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால்... நீதிமன்றம் எப்போது உள்ளே வரும்?

இரவு 11 மணி. நாளைக்குப் பரீட்சை, படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் மறுபடியும் அதே சத்தம். எதையோ வீசும் சத்தம், ஒரு பிள்ளையின் அலறல், பிறகு திடீர் அமைதி. "நமக்கேன் வம்பு" என்று அம்மா சன்னலைச் சாத்துகிறார். "போன் பண்ணினா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அந்தக் குடும்பமே சிதறிடும்."

அம்மாவின் பயம் உண்மையா? பாதிதான்.

சிங்கப்பூரில் இதற்கான சட்டத்தின் பெயர் சிறார், இளையர் சட்டம். 14 வயதுக்குக் கீழ் இருந்தால் சிறார், 14 முதல் 18 வயதை எட்டும்வரை இளையர். முன்பு இந்த வரம்பு 16 வயதோடு நின்றது. 2019ல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அதனால் 17 வயதில் இருக்கும் நீங்களும் இப்போது இதன் பாதுகாப்புக்குள் வருகிறீர்கள்.

பெற்றோர் பிள்ளையைக் கண்டிப்பதைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் தழும்பு விழும் அளவுக்கு அடிப்பது, பட்டினி போடுவது, நோய் வந்தால் மருத்துவரிடம் காட்டாமல் விடுவது, நாள்தோறும் மிரட்டி மனத்தை நொறுக்குவது எல்லாமே துன்புறுத்தல் அல்லது புறக்கணிப்பு. குற்றம் நிரூபணமானால் 8 ஆண்டு வரை சிறை, 8,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிள்ளை இறந்துவிட்டால் தண்டனை இன்னும் கடுமை.

ஆனால் பிள்ளையைப் பாதுகாப்பதும் பெற்றோரைத் தண்டிப்பதும் வெவ்வேறு பாதைகள். குழப்பமே இங்குதான் வருகிறது. குற்றவியல் வழக்கு காவல்துறையின் பக்கம். பாதுகாப்பு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறார் பாதுகாப்புச் சேவையின் பக்கம். அங்கே கேட்கப்படும் கேள்வி "யார் குற்றவாளி?" அல்ல. "இன்றிரவு இந்தப் பிள்ளை இந்த வீட்டில் பத்திரமாகத் தூங்க முடியுமா?" என்பதுதான்.

தகவல் வந்தவுடன் அதிகாரிகள் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். பள்ளி, மருத்துவமனை, சமூக ஊழியர் எல்லாரும் பொதுவான வழிகாட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆபத்து குறைவு என்றால் குடும்பச் சேவை நிலையமோ சிறப்புப் பாதுகாப்பு நிலையமோ அந்தக் குடும்பத்தோடு வேலை செய்யும். அப்பாவுக்கு வேலை போய்விட்டதா, அம்மாவுக்கு மனச்சோர்வா, குடியா, கடனா என்று பார்ப்பார்கள். பாட்டி, மாமா, சித்தி என்று நம்பகமான சொந்தக்காரர்களை உட்காரவைத்து, "சண்டை வந்தால் பிள்ளை யார் வீட்டுக்குப் போகும்?" என்று திட்டம் போடுவார்கள். நீதிமன்றம் இதில் எங்கேயும் இல்லை.

ஆபத்து உடனடியானது என்றால் கதை வேறு. அமைச்சின் அதிகாரியோ காவல்துறை அதிகாரியோ பிள்ளையைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் தாங்களாகவே அங்கேயே வைத்துக்கொள்ள முடியாது. விவகாரம் இளையர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

அந்த நீதிமன்றம் நாடகத்தில் நாம் பார்ப்பது மாதிரி இருக்காது. பொதுமக்கள் உள்ளே போக முடியாது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக்கூடாது. செய்திகளில் "அடையாளத்தை வெளியிட முடியாது" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். பல வழக்குகளில் அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான். அது செய்தியாளர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் "இந்தப் பையன்தான் அது" என்று படத்தைத் தட்டிவிடுபவரும் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம்.

சமூக நல அதிகாரி குடும்பத்தைப் பற்றி விரிவான அறிக்கை தயாரிப்பார். அது வரும்வரை இடைக்கால உத்தரவு இருக்கும். பிறகு நீதிபதி பராமரிப்பு, பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கலாம். அப்படி உத்தரவு வந்தாலே பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. வீட்டிலேயே இருக்கவிட்டு, அதிகாரியின் கண்காணிப்பில் வைக்கலாம். பாட்டி போன்ற தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். வளர்ப்புக் குடும்பத்திலோ சிறார் இல்லத்திலோ தங்கவைக்கலாம். வளர்ப்புப் பெற்றோர் திட்டம் இங்கே 1956லிருந்து இருக்கிறது.

பெற்றோருக்கும் கட்டளை உண்டு. ஆலோசனைக்குப் போ, சிகிச்சை எடு, பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்வதாகப் பிணைப்பத்திரம் எழுதிக்கொடு என்று நீதிமன்றம் சொல்லலாம். "வரமாட்டேன்" என்று சொல்ல முடியாது. நீதிமன்ற உத்தரவின் உண்மையான பலம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உதவி வேண்டாம் என்று கதவைச் சாத்தும் குடும்பத்துக்குள் அந்த உதவி நுழைய வேறு வழி இல்லை.

பிரிக்கப்பட்ட பிள்ளை வீடு திரும்புவது படிப்படியாக நடக்கும். முதலில் அதிகாரி பக்கத்தில் இருக்கச் சந்திப்பு. பிறகு சில மணி நேரம் வெளியே, வார இறுதியில் ஓர் இரவு வீட்டில். அதைப் பார்த்து அடுத்த கட்டம். வீடு திரும்பவே வழியில்லை என்ற நிலையும் உண்டு. அதற்காக 2019 திருத்தத்தில் மேம்படுத்தப்பட்ட உத்தரவு ஒன்று சேர்ந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொரு தடவையும் பெற்றோரைத் தேடி அலையாமல், அவர்கள் எடுக்கவேண்டிய சில முடிவுகளைத் தாமே எடுக்கலாம்.

இன்னொரு உத்தரவும் இருக்கிறது. இதில் நீதிமன்றத்துக்குப் போவது பெற்றோர். பள்ளிக்குப் போவதில்லை, ராத்திரி வீட்டுக்கு வருவதில்லை, சொன்னால் கேட்பதில்லை என்று அப்பா அம்மாவே மனு கொடுக்கலாம். முன்பு இதைப் 'பெற்றோர் கட்டுக்கடங்காத பிள்ளை' வழக்கு என்பார்கள். பெயரிலேயே தீர்ப்பு! 2020லிருந்து அது குடும்ப வழிகாட்டுதல் உத்தரவு. மாறியது பெயர் மட்டுமில்லை. மனு போடுவதற்கு முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து குடும்பத் திட்டம் ஒன்றை முடிக்கவேண்டும். பிள்ளை ஏன் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறது என்பதையும் அங்கே யாராவது கேட்பார்கள்.

இந்த ஏற்பாடு எப்போதும் சரியாக வேலை செய்ததா? இல்லை. 2020ல் 4 வயதுச் சிறுமி ஒருவர் தாயாரும் அவருடைய காதலரும் கொடுமைப்படுத்தியதால் உயிரிழந்தார். காயங்களை முன்னரே பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. எங்கே தவறியது என்று ஆராய்ந்த குழு 2025 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அதைப் படிக்கும்போது, ஒருவர் பார்த்ததன் தீவிரம் அடுத்தவருக்குச் சரியாகப் போய்ச் சேராததுதான் திரும்பத் திரும்ப உறுத்துகிறது.

சரி, இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999. பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. மற்றபடி வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000, 24 மணி நேரமும் இயங்கும். தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைக்கு சிங்கப்பூர்ச் சிறார் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் சேவை 1800-2744-788. தமிழில் மனம்விட்டுப் பேசவேண்டும் என்றால் சிண்டாவை அணுகலாம். பாதிக்கப்படுவது நீங்களே என்றாலும் அழைக்கலாம். பள்ளி ஆலோசகரிடம் சொல்வதும் ஒரு வழி.

நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போட முடியாது. ஆதாரம் திரட்டுவதும் உங்கள் வேலை இல்லை. எப்போது கேட்டீர்கள், என்ன கேட்டீர்கள், இது எத்தனையாவது தடவை, பிள்ளைக்கு ஏறக்குறைய என்ன வயது. இவ்வளவு சொன்னால் போதும். பெயர் தெரியவில்லையா? பரவாயில்லை. புளோக் எண்ணும் மாடியும் சொல்லுங்கள்.